எட்டு வருஷத் தள்ளுபடி

ரொஹேலியோ படம் அனுப்பியிருக்கிறான்.
இரவல் கோட்டு, உயர்த்திய வலது கை.
ஸ்பெயின் ராசாவுக்கு உண்மையாயிருப்பேன் என்று
சத்தியம் செய்கிறான்.
கீழே ஒரு வரி:
"ரெண்டே வருஷம் சகோ. உனக்கு எப்போ?"

எனக்குப் பத்து.
பிகோ துறைமுகத்து அலுவலகத்தில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள்
விரல் மடக்கிச் சொன்னாள்.
பிலிப்பைன்ஸ் அவர்கள் ஆண்ட மண்,
அதனால் இரண்டு.
முந்நூற்றுச் சொச்சம் வருஷம்
பாட்டன்மார் முதுகில் வாங்கியதற்குப்
பேரனுக்கு எட்டு வருஷம் தள்ளுபடி.

நானும் விடவில்லை.
கோட்டாற்றுச் சவேரியார் உங்க ஊர்க்காரர்தானே,
எங்க கரை முழுக்கத் தலையில் தண்ணி ஊத்தினவர்,
அந்தக் கணக்கில் ஒன்றிரண்டு குறையாதா?
அவள் சிரித்தாள்,
பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு
மறுபடி சொல்லச் சொன்னாள்.
பிறகு சொன்னாள்:
அவர் நவார்ராக்காரர். இது கலீசியா.

ஒரே படகில்தான் வலை இழுத்தோம்,
அயர்லாந்துக்கு மேற்கே, விரல் மரத்துப்போகும் குளிரில்.
கேப்டன் அவனைச் "சீனா" என்றே கூப்பிடுவார்.
அவனும் திரும்பிப் பார்ப்பான்.
அவன் வீட்டில் கரண்டிக்கும் ஜன்னலுக்கும்
கடிகாரத்து மணிக்கும்
கேப்டன் வீட்டுச் சொல்தான்.
ஒரு ராத்திரி கேட்டேன்,
கோவம் கிடையாதாடே?
பனிக்கட்டியை வெட்டிக்கொண்டே சொன்னான்:
"அட்வான்ஸ் எப்பவோ கட்டியாச்சு.
வீடு பிடிக்கலேன்னு
சாவி வாங்காம விடுவேனா?"

இப்போது லீவு. குளச்சல்.
டச்சுக்காரனை மடக்கிய வெற்றித் தூணுக்குக்
கொஞ்சம் தள்ளி நெத்தோலி காய்கிறது.
புரட்டிப் போடும் பிரிஜிதாவிடம் படத்தைக் காட்டி,
அண்ணைக்கு நாம ஜெயிச்சதுதான் தப்பு என்றேன்.
நிமிராமல் சொன்னாள்:
"தோத்திருந்தாலும் அது டச்சுக்காரனுக்க கிட்ட.
உனக்கு ஸ்பெயின் எங்கேயிருந்து கிட்டும்?"
காக்கையை விரட்டினாள்.
"கெடக்கட்டும், அந்த ஓரத்தைப் புரட்டு."

மூத்தவளுக்கு ஏழு நடக்கிறது.
பத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ரொஹேலியோவுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பலாம்
என்று தொட்டால்
திரையில் செதில், பதியவில்லை.
கைலியில் துடைத்தேன்.
அவன் கோட்டு நல்லாத்தான் இருக்கிறது,
கை மட்டும் கொஞ்சம் நீளம்.