இரண்டுக்குக் கீழே

கந்தப்பளையில் பனி இறங்கினால்
ஆறு மணிக்கே ராத்திரி.
பின் காம்பராவின் ஜன்னலை அடைத்து
ஃபேன் பூட்டியிருக்கிறேன்.
உள்ளே முந்நூறு பை,
அவிசாவளையிலிருந்து லொறியில் வந்த ரப்பர் மரத்தூள்,
ஒவ்வொரு கீறலிலும் காதுமடல் அளவு காளான்.

காளானும் மூச்சு விடும்.
விட்ட மூச்சு வெளியே போகாவிட்டால்
குடை விரியாது,
காம்பு மட்டும் நீண்டு நீண்டு எட்டிப் பார்க்கும்.
முதல் மாதம் அப்படிப் பதினெட்டு கிலோ.
நுவரெலியா ஹோட்டல்காரர் திருப்பி அனுப்பினார்.

முழு வேகத்தில் விட்டால் வேறு கதை:
குளிர்காற்று பாய்ந்து
குடையின் ஓரம் தோலாய்ச் சுருண்டுவிடும்.
போதாததற்குப் பொதுச் சுவர்.
அந்தப் பக்கம் தவமலரின் கைக்குழந்தை.
"அக்கா, ஒங்க மெசின் தூங்குமா தூங்காதா?"

அதனால்தான் டிம்மர் வாங்கினேன்.
எழுநூறு ரூபாய், வெள்ளை முகம், வழவழப்பான திருகு.
பல்பை மங்க வைப்பது
காற்றை மங்க வைக்காதா என்ன?
வைத்தது.
வேகம் குறைந்தது, இரைச்சல் குறையவில்லை,
குரலை மாற்றிக்கொண்டது,
பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் பேசுவதுபோல்.

மூன்றாம் ராத்திரி வார்னிஷ் வாசம்.
யாரோ அலுமாரிக்குப் பூசுகிறார்கள் என்று
அரைத்தூக்கத்தில் நினைத்தேன்.
இரண்டு மணிக்கு யார் பூசுவார்?
இருட்டில் தடவி மெயினை இறக்கிய பிறகே
டோர்ச்சை அடித்தேன்.
இறக்கை நின்றிருந்தது.
மோட்டர், அடுப்பிலிருந்து இறக்கிய கேத்தல்.
ஒரு சாண் தள்ளிப் பொலித்தீன் பைகள்,
மரத்தூள், மரத்தூள்,
பிறகு சுவர்,
பிறகு தவமலரின் குழந்தை.

டவுனிலிருந்து நிஸ்தார் வந்தார். திட்டவில்லை.
டிம்மரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.
"இது வெளக்குக்கு. கரண்ட நறுக்கி நறுக்கிக் குடுக்கும்.
மோட்டர் தாங்காது தங்கச்சி.
தன் காத்துலதான் அது தன் சூட்ட ஆத்திக்கிது.
நின்னுட்டா அதுக்கே காத்தில்ல."

அறைக்கு வெளியே, ஈரம் எட்டாத உயரத்தில்
தகரப் பெட்டி. உள்ளே ட்ரான்ஸ்போமர், ஐந்து படி,
ஒரு ஃபியூஸ், பச்சை எர்த் வயர்.
இரண்டில் வைத்து மெயினை இறக்கி, ஏற்றிப் பார்த்தார்.
இறக்கை தானாய் எழும்பியது.
ஒன்றில் வைத்து ஏற்றினார்.
நடுங்கியது. எழும்பவில்லை.
"மழைக்குக் கரண்ட் போய் வரும், நீங்க மலையில இருப்பீங்க.
யாரும் தள்ளிவிடாம எழும்பணும்."
மகளின் நெயில் பொலிஷை வாங்கி
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தார்.
பிறகு யோசித்து,
திருகு அதைத் தாண்டாதபடி ஓர் ஆணியும் அடித்தார்.

இப்போது குடைகள் உள்ளங்கை அகலம்.
தவமலர்தான் தூங்குவதில்லை.
"ஓடுதா நிக்கிதான்னே தெரியல்ல அக்கா,
எழும்பிச் செவுத்துல காத வச்சிப் பாக்குறேன்."

நானும் இரண்டு மணிக்கு எழும்புகிறேன்.
நிஸ்தார் சொன்னபடி
புறங்கையால்தான் தொடுகிறேன்.
இளஞ்சூடு.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு வளையல் உரசுகிறது.