இரண்டாம் கட்டு, வடக்குச் சுவர்

நீதிமன்ற ஆணையர் என்றால் அளவு நாடா,
ஒரு அட்டை, நாலு நகல், கொஞ்சம் பொறுமை.
பள்ளத்தூர் வீட்டுக்குப் பதினொரு மணிக்கு வாதி சிகப்பி ஆச்சி வந்தார்.
பதினொன்றேகாலுக்குப் பிரதிவாதி, தம்பி வயிரவன்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
இருவருமே என்னிடம் மோர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

எழுதிக்கொண்டே போனேன்:
பர்மாத் தேக்குத் தூண் பன்னிரண்டு.
பெல்ஜியம் கண்ணாடி, ரசம் போனது, மூன்று.
ஜப்பான் பூக்கல், மயில் போட்டது, நாற்பத்தெட்டு;
இரண்டில் விரிசல்.
வடக்குச் சுவரில், நெல் அறைக் கதவுக்கு மேலே
நாலு கல் மட்டும் வேறு ரகம்.

கொத்தனார் ஆரோக்கியம் ஏணியில் ஏறி
ஈரத்துணியால் துடைத்தார்.
சுண்ணாம்பு வெள்ளை இல்லை,
ஊறவைத்து உரித்த பாதாம் வெள்ளை.
அதில் ஒரு நீலம், அதனுள் இன்னும் ஆழமாய் ஒரு நீலம்,
பூண்டுப் பல் போலக் கூம்பிய ஒரு பூ,
இந்தச் செம்மண்ணில் முளைக்காதது.
"மேடம், சிவப்பு மட்டும் கைக்குத் தட்டுப்படுது."
நானும் ஏறினேன். கண்ணை மூடித் தடவினேன்.
நீலம் வழுக்கியது. பச்சை வழுக்கியது.
சிவப்பு மட்டும், ஆறிய தீக்காயம் மாதிரி,
மெருகுக்கு அடியில் புடைத்து நின்றது.

கோடு இங்கேதான் விழும் என்றது வரைபடம்.
இடப்பக்கம் ரெண்டு கல் அக்காவுக்கு,
வலப்பக்கம் ரெண்டு தம்பிக்கு.
பூ நடுவில் இருந்தது.
"அறுக்காமலே பிரிக்கலாம்," ஆரோக்கியம் சொன்னார்,
"இணைப்புலதான் கோடு போகுது."
உண்மைதான்.
இஸ்னிக்கில் வரைந்தவன் பூவை ஒரு கல்லுக்குள் அடக்கவில்லை;
பக்கத்துக் கல்லை நம்பி
பாதியில் விட்டிருந்தான்.

சாட்சியமாய் வந்த ரங்கூன் பேரேட்டில்
மூன்று மணி வாக்கில் அகப்பட்டது அந்த வரி:
கப்பல்காரர் நூரி எபெந்தி. துருக்கிப் பூக்கல் நாலு.
ஈடு. ரூபாய் அறுபது. நடப்பு வட்டி.
வரவுப் பத்தியில் ஒன்றுமில்லை.
அடுத்த பக்கம் வேறு கையெழுத்து, அரிசிக் கணக்கு.

படித்துக் காட்டினேன்.
சிகப்பி ஆச்சி அன்றைக்கு முதல்முறையாகத் தம்பியைப் பார்த்தார்:
"அப்ப இது நம்மளுது இல்லையாடா?"
வயிரவன் உதடு அசைந்தது, வட்டி கூட்டுகிறார்,
தொண்ணூற்றாறு வருஷம்.
"அவன் வந்து கேட்டா..." என்று தொடங்கியவர்
முடிக்கவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார், மூன்று பேருக்கும்.

உரிமையாளர் என்ற கட்டத்தில்
நூரி எபெந்தி என்று எழுதினேன். முகவரி தெரியவில்லை.
மதிப்பு என்ற கட்டத்தில்
அறுபது என்று போட்டு, அடித்து,
'சிவப்பு புடைத்திருக்கிறது' என்று எழுதினேன்.
தேவகோட்டையிலிருந்து நீதிபதி வேண்டுமானால்
வந்து தொட்டுப் பார்க்கட்டும்.