மதிப்பீடு: வடக்குச் சுவர்

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி
மக்காச்சோளத்துக்கு நடுவே
ஊசிக் கோபுரம் இரண்டு.
கணவாய்க் காற்று அவற்றில் கிழிபட்டு
விசிலடிக்கிறது.
ஒழுகலுக்கு எஸ்டிமேட் போடத்தான் வந்தேன்.

கோயில்பிள்ளை பிரகாசியம்
சாவிக்கொத்தோடு முன்னால் நடக்கிறார்.
"மழை உள்ளே வருதுங்க. ஆனா தேங்கறதில்லீங்க.
எங்க போகுதுன்னுதான் தெரியலே."

அண்ணாந்தேன்.
கூர்வளைவுகள்:
விரல்நுனி தொட்டு, உள்ளங்கை தொடாத கும்பிடுகள்.
மேலே போகப் போகக் கல் கனமிழந்து
வெளிச்சமாகிவிட வேண்டுமென்று
பிரெஞ்சுச் சாமியார் வரைந்தாராம்.
கனமெல்லாம் கீழே இறங்கியிருக்கிறது.

கூரை விளிம்பில் நீர் உமிழ
அவர் படத்தில் இருந்தது
இறக்கை வைத்த ஏதோ ஒரு நாய்.
கல்தச்சன் அதை உற்றுப் பார்த்துவிட்டு
யாளி செய்து வைத்திருக்கிறான்.
வாய்க்குள் உருளும் கல்பந்துகூட உண்டு.
அந்தப் பந்தில்தான் தண்ணீர் அடைக்கிறது.
என் முதல் குறிப்பு அது.

வடக்குச் சுவரடியில்
எருக்கஞ்செடியை விலக்கினால்
காது ஒன்று உடைந்த பசுமுகம்.
பாலும் இளநீரும் வழிந்த வாயில்
சனிக்கிழமை தரை கழுவிய தண்ணீர்,
மெழுகுத் துணுக்கு, சாம்பிராணிக் கரி.

"இடிச்சாங்களா?"

"வெள்ளத்துல விழுந்ததுன்னு பங்குப் புத்தகம் சொல்லுது.
இடிச்சாங்கன்னு டீக்கடை சொல்லுது.
பத்திரத்துல வித்தவர் பேரு மட்டும் இருக்கு."
சாவிகளை எண்ணுவதுபோல் நின்றார்.
"கல்லுச் சுமந்தது எங்க ஆளுங்க.
அதுவரைக்கும் அந்தத் தெருவுக்கே
விட்டதில்லீங்க."

கருவறையை முதன்முதலாய்த் தொட்ட கைகள்
அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு
நூறடி நடந்திருக்கின்றன.
எந்தச் சாமியை வேண்டிக்கொண்டு நடந்தார்களோ.
யாரும் எழுதி வைக்கவில்லை.
கல்லில் தோள்பட்டை பதியாது.

மழை பிடித்துக்கொண்டது.
முட்டியில் காகிதம் வைத்து எழுதினேன்.
ஓடு: மாற்ற வேண்டும்.
யாளி: பந்தை எடுக்கக் கூடாது, பக்கத்தில் துளை போடலாம்.
வடிகால்: பழையது, ஓடுகிறது, தொட வேண்டாம்.
கட்டிய ஆண்டு என்ற கட்டத்தில்
இரண்டு எழுதி, இரண்டையும் அடித்தேன்.

"கோயில் தாங்குங்களா?"
"தாங்கிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன்.

பசுவாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் பாய்ந்து
மெல்லத் தெளிந்தது.
பிரகாசியம் குனிந்து ஒரு கை ஏந்தி
முகத்தில் அடித்துக்கொண்டார்.
நெற்றிக்குப் போன விரல்கள்
சிலுவை போட்டனவா, ஈரம் வழித்தனவா,
என் குடைக்குள்ளிருந்து தெரியவில்லை.