மற்றவை

அத்-பாஷியில் காலை எட்டரைக்கே
பள்ளியின் இரும்பு அடுப்பு சிவந்துவிடும்.
குட்டைக் குவளைகள் இரண்டு, நெட்டைக் குவளை ஒன்று,
சாயம் கலந்த தண்ணீர், முக்காலியில் கேமரா,
குழந்தைக்கு ஒரு தாள்.
தாளில் மூன்று கட்டங்கள்:
சரி. தவறு. மற்றவை.

மூன்றாவதைக் கூடியவரை தொடாதே என்று
பிஷ்கெக்கில் வழியனுப்பும்போதே சொன்னார் பேராசிரியர் டமிரா.
மற்றவையைக் கூட்டிக் கழிக்க முடியாதாம்.
கூட்டிக் கழிக்க முடியாததற்கு
யாரும் நிதி தருவதில்லையாம்.

கொள்கை எளியது.
அறிவு படியேறுகிறது.
கீழ்ப்படியில் நிற்கும் பிள்ளைக்கு உயரம்தான் தெரியும்,
நெட்டைக் குவளையில் அதிகம் என்று சொல்லும்.
ஏழு வயதை ஒட்டி ஒருநாள்
அகலமும் கண்ணில் படும்.
பிறகு அதை ஏமாற்ற முடியாது.

இருபத்திரண்டு பேர் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள்.
எனக்கும் படிகள் பிடித்துத்தான் இருந்தன.
படிகளை வரைவது சுலபம்.

இருபத்து மூன்றாவது அக்மரால்.
ஐந்தேகால் வயது. ஒரு காலுறை நீலம், மற்றது சாம்பல்.
இரண்டும் சமமா என்றேன்.
குனிந்து, மட்டம் பார்த்து, சமம் என்றாள்.
ஒன்றை நெட்டைக் குவளைக்கு மாற்றினேன்.
இப்போது?

அவள் நெட்டையைப் பார்க்கவே இல்லை.
நான் கீழே வைத்த காலிக் குவளையை எடுத்து
ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.
அடியிலிருந்து ஒரு சொட்டு
ஊர்ந்து ஊர்ந்து விளிம்பில் வந்து நின்றது.
"கொஞ்சம் இதிலேயே இருக்கு.
அப்போ அதில் குறைச்சல்."

சரியில்லை. ஆனால்
கொள்கை காத்திருந்த தவறும் இல்லை.

விதிப்படி இரண்டாம் முறை கேட்டேன்.
இம்முறை குவளையை விட்டு
என் முகத்தைப் படித்தாள், வெகுநேரம்.
"சமம்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

மதியம் பால் வண்டி வந்தது.
அவள் அம்மா குல்பார்ச்சின்
கேனைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றாள்,
கடைசிச் சொட்டு விழும்வரை
ஓட்டுநரை எழுத விடவில்லை.
ஓஹோ, என்றேன்.
இன்னொரு கொள்கை பையில் தயாராக இருந்தது:
பிள்ளை தனியே ஏறுவதில்லை,
பக்கத்துக் கை தூக்கிவிடுகிறது.

அதே வீடு, அதே கேன்,
அவளைவிட ஒரு வயது மூத்தவன் பெக்தூர்.
நெட்டையில்தான் அதிகம், என்றான் சிரித்துக்கொண்டே.
காலிக் குவளையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இரவு, விருந்தினர் அறையில்
ஒலியை அணைத்துவிட்டு
பழைய பதிவுகளை ஓட்டினேன்.
ஏழாவது பையன் வாயால் உயரம் என்கிறான்,
அவன் இரு உள்ளங்கைகளோ காற்றில்
அகலத்தைப் பிடித்திருக்கின்றன.
பதினான்காவது பெண் முதலில் சமம் என்று உதடு குவித்து,
நான் மறுபடி கேட்டதும்
மாற்றிக்கொள்கிறாள்.
பத்தொன்பதாமவன் அடுப்பையே பார்க்கிறான்,
அவன் எதையும் சொல்லவே இல்லை,
பெருக்கல் குறி போட்டது நான்.

தொலைபேசியில் டமிரா இருமினார்.
"தவறு போடு. ஒரு பிள்ளைக்காகப் படியை இடிக்க முடியாது."
ஒரு பிள்ளை இல்லை, என்றேன்.
"எத்தனை?"
தெரியாது. நான் வாயைத்தான் எழுதிவந்திருக்கிறேன்.
மறுமுனையில் கொஞ்சம் மௌனம்.
பிறகு, அங்கே குளிர் எப்படி என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்லவில்லை.
படியே இல்லையென்றும் நான் சொல்லமாட்டேன்.
ஏழு வயதுக்காரர்கள் இந்தக் குவளையைப் பார்த்து
கொட்டாவி விடுகிறார்கள், அது நிஜம்.
நடுவில் ஏதோ நடக்கிறது.
என் பேனாவுக்கு முன்னால் மட்டும்
அது நடக்க மறுக்கிறது.

நாளை இருபத்து நான்காமவன்.
குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
சொட்டில்லாமல் துணியால் துடைத்து ஊற்றுவதா,
நனைந்ததை நனைந்ததாகவே விடுவதா,
இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்மராலின் தாளில் மூன்றாம் கட்டம்
கட்டைவிரல் நகமளவு.
அதில் தொடங்கிய வாக்கியம்
ஓரத்தில் ஏறி, மூலையில் திரும்பி,
தாளின் பின்பக்கத்தில்
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.