அரைவைக் கூலி

அட்டையில் பழைய விலையை அடித்துப்
புதியதை எழுதினேன்.
அதற்கும் முந்தையது அடியில் மங்கலாகத் தெரிகிறது.
ஜூனில் இருநூறு. ஆகஸ்டில் முந்நூற்றைம்பது.
இன்று ஐந்நூறு நைரா,
ஒரு கிண்ணம் மிளகாய் அரைக்க.

இபாதானில், மோலேடே சந்தையில்
என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
சத்தம்தான் முகவரி.
தக்காளி, வெங்காயம், ரோடோ மிளகாய்
எதைப் போட்டாலும்
ஒரே சிவப்பாய்த் துப்புகிற இயந்திரம்.
பெட்ரோல் குடித்து அதன் வயிறு நிறைந்த பிறகுதான்
என் வயிறு.

முதலில் வந்தவள் சிக்கிராத்து.
கிண்ணத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே
"திருடி" என்றாள்.
மெதுவாகத்தான் சொன்னாள், சிநேகிதி.
பிறகு மொதுபே.
பிறகு அமாலா விற்கும் இரட்டையர்,
ஒருத்தி தொடங்கிய வசவை
மற்றவள் முடித்துவைத்தாள்.
பத்து மணிக்குள் பதினோரு பேர்
கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினார்கள்.

அழகான தாளம் அது.
வேறு யாருக்காவது எதிராக இருந்திருந்தால்
நானும் தட்டியிருப்பேன்.
பாவம், அவர்கள் கைக்கெட்டிய அரசாங்கம்
நான் ஒருத்திதான்.

கணக்கை எழுதிக் காட்டினேன்.
லிட்டர் இவ்வளவு.
பங்க்கில் வரிசை மூன்று மணி நேரம்.
வரிசையில் நிற்காமல் கேன்காரனிடம் வாங்கினால்
இவ்வளவும் இன்னும் கொஞ்சமும்.
கிண்ணத்துக்கு எனக்கு மிஞ்சுவது
ஒரு தண்ணீர்ப் பொட்டலத்தின் விலை.
இதற்கு மேல் லிட்டருக்கு ஒரு வரியும் வருகிறதாம்,
ரேடியோ சொல்கிறது.
அந்தப் பணத்தில் சாலை போடுவார்களாம்.
"எந்தச் சாலை?" என்றாள் மொதுபே.
யாரும் சிரிக்கவில்லை.
கடைசியில் அரைத்துக்கொண்டுதான் போனார்கள்.
அரைக்காத மிளகாயை வைத்து என்ன செய்வது.

மத்தியானம் ஒரு கல்லூரிப் பையன்
துண்டறிக்கை தந்துவிட்டுப் போனான்.
வியாழக்கிழமை கடையடைப்பு,
செயலகம் வரை ஊர்வலம்.
இரண்டு முறை படித்தேன்.
பிறகு அரைத்த இஞ்சியின் மேல்
ஈ உட்காராமல் அதைத்தான் மூடினேன்.

அடைத்தால் விலை இறங்கலாம்.
இறங்காமலும் போகலாம்.
போன முறை இறங்கவில்லை.
போன முறை கஃபாரின் வலது கண்ணுக்குள்
புகைக்குண்டின் புகை போனது.
மைக்ரா டாக்ஸி ஓட்டுகிறவன்.
அந்தக் கண் இன்னமும்
வெங்காயம் உரிக்காமலே அழுகிறது.
அவன் சொல்கிறான், போகலாம் என்று.

போகாதே என்கிறான் என் தம்பி.
அவன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது.
ஒரு நாள் கூலி போகும்,
ஊர்வலத்தில் வருகிறவனே
திரும்பும்போது கடையை உடைப்பான் என்கிறான்.
(அதுவும் நடந்ததுதான்.)
மேலே இருப்பவர்களுக்கு
நம் சத்தம் எட்டாது அக்கா,
அவர்கள் வீட்டு ஜெனரேட்டர்கூடச்
சத்தம் போடாத ரகம் என்கிறான்.

இருபது வருடம் இந்த இயந்திரத்தோடு நின்று
எனக்கு இடது காது மந்தம்.
என்னிடம் எதையும்
இரண்டாம் முறை சொல்ல வேண்டும்.
அரசாங்கமும் அப்படித்தானோ என்னவோ.
இல்லை, அதற்கு முதல் முறையே கேட்டிருக்கும்.
கேட்காத மாதிரி இருக்க
நல்ல காது வேண்டும்.

புதன் இரவு.
கேனைக் குலுக்கிப் பார்க்கிறேன்,
அரை லிட்டர் இருக்கலாம்.
வெள்ளிக்கிழமை அதற்கு
என்ன விலையோ தெரியாது.
பலகைக் கதவை இழுக்கும்போது
சிக்கிராத்து வந்து நிற்கிறாள்,
கையில் கரண்டியோடு, கழுவி
வெறுமையான கிண்ணத்தோடு.

"நாளைக்கு எதற்கு வருவாய்,
அரைக்கவா, தட்டவா?"

ஏதோ சொல்கிறாள்.
பதில் என் இடது பக்கம் விழுகிறது.

மறுபடி சொல்லு, என்கிறேன்,
இன்னும் சத்தமாக.