ஞாயிறு இரவு வேலை

பத்து மணிக்கு மேல் வரச் சொன்னார்கள்.
யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று
ஒரு தாளில் கையெழுத்து.
டோக்கியோவில் சந்தை திறக்குமுன்
அங்கோனாவில் ஒரு வங்கி செத்து
வேறு பெயரில் பிறந்துவிட வேண்டுமாம்.

ஏணியின் காலை ஃபியோரென்சோ பிடித்துக்கொண்டான்.
பதினோரு எழுத்து, எழுத்துக்கு நான்கு திருகாணி.
உப்புக்காற்றில் இறுகிப்போய்
எண்ணெய் விட்ட பிறகுதான் வழிக்கு வந்தன.

முப்பத்தோரு வருடமாகப் பலகை மாட்டுகிறேன்.
ஒரு திருகாணி தளர்ந்தால் எதுவும் விழாது.
அதன் பாரத்தைப் பக்கத்துத் திருகாணி
வாங்கிக்கொள்ளும்,
அதனுடையதை அடுத்தது.
கீழே போகிறவர் நிமிர்ந்து பார்த்தால்
எல்லாம் நேராகத்தான் இருக்கும்.

வசந்தத்தில் ஃப்ராங்க்பர்ட்டிலிருந்து
உலுக்கிப் பார்த்தார்களாம், கணக்கில்.
வீட்டு விலை ஐந்திலொரு பங்கு சரிந்தால்?
வேலையில்லாதோர் இரட்டித்தால்?
தாங்கும் என்று வந்தது.
நாளிதழில் நானும் படித்தேன், காபி குடித்துக்கொண்டே.
தாளில் உலுக்கினால் துரு உதிருமா?

கவுண்டர் ஓர்னெல்லா நல்ல பெண்.
'வைப்பு மாதிரியேதான், வட்டி மட்டும் கொஞ்சம் கூட'
என்று விற்ற பத்திரத்தை
தன் அம்மா பெயரிலும் வாங்கி வைத்திருந்தாள்.
நஷ்டம் வந்தால் யார் பின்னால் யார் என்ற வரிசை
பதினேழாம் பக்கத்தில் இருந்ததாம்.
எங்களுக்குத்தான் முன்வரிசை.

உள்ளே விளக்கு எரிந்தது.
ரோமிலிருந்து வந்தவர்கள் பீட்சா அட்டைகளுக்கு நடுவே
எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
சிகரெட்டுக்கு வெளியே வந்தவரிடம் கேட்டேன்.
'வைப்புகள் பத்திரம்' என்றார்.
'பத்திரங்கள்?' என்றேன்.
நெருப்புப்பெட்டியைத் தேட ஆரம்பித்தார்.

புதுப் பலகையைப் பழைய துளைகளிலேயே மாட்டச் சொன்னார்கள்,
செலவு மிச்சம்.
பெயர் சிறியது; சுவரில் அழுக்குப் படியாத
பழைய எழுத்துகளின் வெளிறிய தடம்
இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது.
ஃபியோரென்சோ துடைத்துப் பார்த்தான்.
வெளுப்பைத் துடைக்க முடியாதடா என்றேன்.

விடியலில் மீன்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார்,
அண்ணாந்து பார்த்தார்,
ஐஸ் கொட்டப் போய்விட்டார்.
எட்டரைக்கு வரிசை.
எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்,
ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல.

என் கூலி நானூறு யூரோ.
ரொக்கமாகக் கேட்டேன்.

வியாழக்கிழமை மறுபடி அழைப்பு.
பெஸாரோ. இந்த வங்கிக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியாம்.
அதே தாள், அதே கையெழுத்து.
ஏணி மட்டும்
இன்னும் கொஞ்சம் நீளமாக வேண்டுமென்றார்கள்.