தாமரைக்குக் கிலோ கிடையாது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில்
வீரணன் கடைக் கணக்கு நிரலை
மூன்றாவது முறையாக மாற்றி எழுதுகிறோம்.
முதலில் சி ப்ளஸ் ப்ளஸ், எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது.
பிறகு ஜாவா. இப்போது கோ.
கோ என்றால் அரசன் என்கிறான் ரஹ்மத். பசு என்கிறேன் நான்.
மொழி எதுவானாலும் கமிஷன்
பத்து சதவீதத்தில் அசையாமல் நிற்கிறது.

பழையவர் பூ என்றொரு வகுப்பு வைத்திருந்தார்.
அப்ஸ்ட்ராக்ட். அதிலிருந்து நேராக ஒன்றும் பிறக்காது.
நியாயம்தான்.
விடிகாலை நாலு மணிக்கு வந்து
"ஒரு கிலோ பூ" என்று எவரும் கேட்பதில்லை.
மல்லி கேட்பார்கள், பிச்சி, அரளி, சம்பங்கி.
ஆனாலும் அது வெறும் பெயர்ப்பலகை அல்ல;
எடைபோடும் வழி, ஈரச்சாக்கின் எடையைக் கழிக்கும் வழி
உள்ளே எழுதியே இருக்கும்.
விலையை மட்டும் பிள்ளைகள் தலையில் விட்டிருக்கும்.
சி ப்ளஸ் ப்ளஸில் அந்த இடத்தில்
சமம் பூஜ்யம் என்று போடவேண்டும்.
மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அது.
வில்லாபுரம் பக்கம் நிறைய வீடுகள் அப்படி.
மேலே கட்டவேண்டியவன் துபாயில் இருப்பான்.

தாமரை வந்துதான் எல்லாம் குழம்பியது.
தாமரைக்குக் கிலோ கிடையாது, எண்ணிக்கை.
ரோஜா கட்டு. மரிக்கொழுந்து பூவே இல்லை.
ஜாவாவில் ஒரு பிள்ளைக்கு ஒரு தகப்பன்தான்.
சி ப்ளஸ் ப்ளஸில் இரண்டு பேர் இருக்கலாம்,
இருவருக்கும் ஒரே தாத்தா என்றால்
எவர் வழியாக வந்த தாத்தா என்று பஞ்சாயத்து.

அதனால் இன்டர்ஃபேஸ்.
விற்கத்தக்கது என்று பெயர்.
உள்ளே ஒரே வரி: விலை சொல்.
எப்படிச் சொல்வாய் என்பது உன் பாடு.
ஜாவாவில் வாசலிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும்
நான் விற்கத்தக்கது என்று, பத்திரத்தில் கைநாட்டுப் போல.
ரஹ்மத்தின் பைத்தான் யாரையும் உள்ளே விடும்.
விலை சொல்லத் தெரியாதது வந்தால்
நடுச்சந்தையில், கூட்டம் பார்க்க விழும்.
கோ வேறு குணம்.
எழுதித் தரவேண்டாம்; தெரிகிறதா என்று
முன்பே பார்த்துவிட்டு விடும்.
யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காது.
அதன் இலக்கணத்தில் தகப்பனே இல்லை.

போன ஞாயிறு வீடு பார்க்கப் போனேன்.
வாடகை ஒத்துவந்தது. அட்வான்ஸ் ஒத்துவந்தது.
மாதம் ஒன்றாம் தேதி பணம்,
பத்து மணிக்கு மேல் சத்தம் கிடையாது,
மோட்டாரை மறக்காமல் நிறுத்துவேன்.
வீட்டுக்காரர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே
"சொந்த ஊரு?" என்றார். சொன்னேன்.
"அங்க எந்தத் தெரு?"
சொன்னேன்.
சாவி நின்றது.
"தங்கச்சி மகன் வர்றேன்னான், மறந்தே போச்சு பாருங்க."

திங்கட்கிழமை பூ வகுப்பை மொத்தமாக அழித்தேன்.
சந்தோஷமாகவே அழித்தேன்.
மதியச் சாப்பாட்டுக்குள் உறைத்தது:
சாக்கு எடை கழிக்கும் அதே ஆறு வரியை
ஒவ்வொரு பூவுக்கும் புதிதாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.
இன்டர்ஃபேஸ் எதுவும் கேட்காது, சரி.
கையில் எதுவும் தருவதுமில்லை.
ஜாவாவே பின்னாளில் மனம் இளகி
கொஞ்சம் கொடுத்தனுப்பலாம் என்று விதியைத் தளர்த்தியது.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தவை:
இடது கைப் பழக்கம்,
அந்தத் தெரு,
கண்மாயில் கழுத்தளவு தண்ணீரில் நின்று
தாமரையை ஐந்தைந்தாக எண்ணும் வேகம்.
இதில் எதை அழிப்பது?

ஆறு வரியைத் தனியே எடுத்துக்கட்டி
எடைபோடும் பூவெல்லாம் தன் மடியில்
வைத்துக்கொள்ளும்படி செய்தேன்.
வாரிசாக அல்ல. கைமாற்றாக.
கோ அதற்கு இடம் தருகிறது.

வியாழன் விடிகாலை வெள்ளோட்டம்.
ஈரக் கோணிமேல் மொட்டுகளைக் கொட்டினார்கள்.
வீரணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் இடது கை தானாக நகர்ந்தது.
"எழுபது" என்றேன்,
ரசீது வெளியே வருவதற்கு முன்.